விட்டு விட்டு வரும் கரண்டும் நட் என்ற திறமூல மென்பொருளும்

கரண்டு போனால் கணினியைப் பெட்டரியில் தாங்குகிற பெட்டிதான் யூபிஎஸ். அதன் கையேடுகளில் ஒரே வகை மின்வெட்டுதான் இருக்கும். மின்சாரம் போகும். பெட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். பெட்டரி அடிமட்டத்துக்கு வந்ததும் கணினி தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் எல்லாம் பழையபடி எழும்பும். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவே கணினி பழுது பார்த்துச் சாப்பிடுகிற எனக்கு இதைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வரும். எங்கள் பக்கம் கரண்டு ஆறு நிமிடம் போகும், ஒரு நிமிடம் வரும், மறுபடி ஆறேழு நிமிடம் போகும், வந்தது போலக் கண்ணைக் காட்டிவிட்டு உடனே போகும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் ஒரு பிற்பகல் முழுக்க இப்படியே கழியும்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. கம்பிகள் தேயிலைச் சரிவுகளின் மேலாக, சவுக்கு, டர்பன்டைன் மரங்கள் நிற்கிற ஓரமாகப் போகின்றன. காற்றில் கிளை வந்து உரசினால் பாதையில் இருக்கிற தானியங்கி பிரேக்கர் விழுகிறது. சற்றுப் பொறுத்துத் தானாகவே மறுபடி இணைத்துப் பார்க்கிறது. கிளை இன்னும் அங்கேயே இருந்தால் மறுபடி விழுகிறது. சில முறை முயன்றும் சரிவராவிட்டால் பூட்டிக்கொள்கிறது, ஆள் வந்துதான் போட வேண்டும். காற்று நிற்கிற வரைக்கும் இந்தக் கூத்துத்தான்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் இங்கேதான், 1950இல் ஓடத் தொடங்கிய பழைய லக்ஷபான மின்நிலையம் இங்கேதான், 150 மெகாவாட் தருகிற மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை தலவாக்கலை டவுனிலேயே இருக்கிறது. பிறகு உங்களுக்கு என்ன குறை என்பார்கள். அங்கே பிறக்கிற மின்சாரம் உயர் அழுத்தக் கோபுரங்களில் எங்கள் தலைக்கு மேலாக நேராகப் போய்விடுகிறது. எங்கள் வீட்டுக்கு வருவது வேறொரு நீண்ட, மெல்லிய பாதையின் கடைசி நுனி. கோபுரப் பாதையே விழுந்தால் கதை வேறு: 2023 டிசம்பர் 9ஆம் திகதி கொத்மலை - பியகம பாதையில் வந்த கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. அந்த மாதிரி நாட்கள் கணினிக்குச் சுலபமான நாட்கள். ஒரு முறை போகிறது, மணிக்கணக்கில் வருவதில்லை, கையேட்டில் எழுதியபடியே எல்லாம் நடக்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை அட்டவணை போட்டு வெட்டிய காலத்திலும் அப்படித்தான். மனிதர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனால் நேரம் தெரிந்திருந்ததால் நான் பராமரிக்கிற கணினிகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே மூடி வைக்க முடிந்தது.

டவுனில் கொம்யூனிகேஷன் கடை நடத்துகிற ஓர் அண்ணன் இதை எனக்கு முன்பே ஒரே வரியில் சொல்லிவிட்டார். "கரண்டு போனா போகட்டும் தம்பி. வந்து வந்து போகுது பாருங்க, அதுதான் மெஷினைக் கொல்லுது." அவர் கடையில் இரண்டு கணினி, ஒரு ஃபோட்டோ கொப்பி மெஷின், பில் போடுகிற ஒரு தரவுத்தளம். யூபிஎஸ் இருந்தும் தரவுத்தளம் அடிக்கடி உடைந்தது. பெட்டரி மாற்றியாகிவிட்டது, ஹார்ட் டிஸ்க் மாற்றியாகிவிட்டது, அப்படியும் உடைந்தது. அங்கிருந்துதான் நான் நட் மென்பொருளின் உள்ளே நுழைந்தேன்.

நட் என்பது நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்பதன் சுருக்கம். தொண்ணூறுகளின் இறுதியில் ரஸல் க்ரோல் தொடங்கியது, இன்றும் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள், ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று அடுக்காக அமைந்திருக்கிறது. யூபிஎஸ்ஸோடு நேராகப் பேசுகிற ட்ரைவர் ஒன்று. ட்ரைவரிடமிருந்து செய்தி வாங்கி வலையமைப்பின் 3493ஆம் போர்ட்டில் வைத்திருக்கிற சேவையகம் ஒன்று. அந்தச் செய்தியைக் கேட்டுக் கணினியை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற யூபிஎஸ்மொன் ஒன்று. இந்தப் பிரிவினைதான் அதன் பலம். ஒரு யூபிஎஸ், ஐந்து கணினி என்றாலும் ஒன்று மட்டும் யூபிஎஸ்ஸோடு பேசும், மற்றவை வலையமைப்பு வழியாக அதனிடம் கேட்டுக்கொள்ளும்.

பெட்டி என்ன பேசுகிறது

எங்கள் பக்கக் கடைகளில் விற்கிற மலிவான யூபிஎஸ்களின் முகப்பில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்குத்தான். யூஎஸ்பியில் செருகிப் பட்டியல் எடுத்துப் பார்த்தால் 0665:5161 என்ற அடையாள எண் வரும். சைப்ரஸ் என்ற நிறுவனத்தின் சில்லு வைத்த பெட்டி. அதற்கு நட்டில் பொருந்துகிற ட்ரைவர் நட்-டிஆர்வி-க்யூஎக்ஸ். கூட வருகிற சிடியில் இருக்கிற மென்பொருளை நான் போடுவதே இல்லை. கணினியை மூடுகிற வேலையை விட அலாரம் அடிக்கிற வேலையைத்தான் அது நன்றாகச் செய்கிறது.

இந்தப் பெட்டிகள் பேசுவது மெகாடெக் என்ற பழைய நெறிமுறை. கணினி "க்யூ1" என்று கேட்கும், பெட்டி ஒரே வரியில் பதில் தரும். எடுத்துக்காட்டாக இப்படி: 221.4 000.0 221.0 018 49.9 13.6 25.0 00001001. உள்ளே வருகிற வோல்ட், கடைசிக் கோளாறின்போது இருந்த வோல்ட், வெளியே போகிற வோல்ட், சுமை எத்தனை சதவீதம், அதிர்வெண், பெட்டரி வோல்ட், வெப்பநிலை, கடைசியில் எட்டு பிட்கள். எட்டில் முதல் பிட் 1 ஆனால் மின்சாரம் இல்லை. இரண்டாவது 1 ஆனால் பெட்டரி அடிமட்டம். மூன்றாவது 1 ஆனால் பெட்டி வோல்டைத் தூக்கியோ தணித்தோ கொடுத்துக்கொண்டிருக்கிறது. ட்ரைவரைப் பிழைத்திருத்த நிலையில் ஓட்டினால் இந்த வரிகள் அப்படியே திரையில் ஓடும். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, அமைப்புக் கோப்பைத் தொடுவதற்கு முன் இந்த வரியை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் பெட்டி எதைத் தெரிந்து பேசுகிறது, எதைப் பேச்சுக்குச் சொல்கிறது என்று பிடிபடும். நுவரெலியாவில் ஒரு ஜனவரி விடியற்காலை, புல்லில் உறைபனி கிடக்கிற குளிரில், பெட்டி வெப்பநிலை 25.0 என்றது. மத்தியானமும் 25.0. உள்ளே உணரியே கிடையாது, எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டரி எத்தனை சதவீதம் என்பதோ இந்த நெறிமுறையிலேயே இல்லை. நட் காட்டுகிற சதவீதம் ட்ரைவர் வோல்டை வைத்துப் போடுகிற கணக்கு. 12 வோல்ட் பெட்டரிக்கு 10.4 என்றால் பூச்சியம், 13.0 என்றால் நூறு என்று அது தானாக எடுத்துக்கொள்ளும். கரண்டு வந்து சார்ஜர் வேலை செய்யத் தொடங்கியதும் பெட்டரி முனையில் வோல்ட் 13க்கு மேல் ஏறிவிடும். உடனே சதவீதம் 100. ஒரு நிமிடத்துக்கு முன் உயிர் போகிற நிலையில் இருந்த பெட்டரி அது. கொம்யூனிகேஷன் அண்ணனின் தரவுத்தளத்தை உடைத்தது இந்தப் பொய் நூறுதான்.

கடன் கணக்கு

நடந்தது இதுதான். அந்தக் கடையின் சுமைக்குப் பெட்டரி சுமார் 12 நிமிடம் தாங்கும். பழைய பெட்டரியில் "அடிமட்டம்" என்ற எச்சரிக்கை வந்து சில விநாடிகளில் பெட்டியே அணைந்துவிடும் என்பதால் எச்சரிக்கையை நம்ப முடியாது. அதனால் வழக்கமான ஆலோசனைப்படி யூபிஎஸ்ஷெட் என்ற கருவியால் ஒரு நேரக்கணிப்பான் வைக்கப்பட்டிருந்தது: கரண்டு போய் 7 நிமிடத்தில் வராவிட்டால் மூடு, வந்துவிட்டால் கணிப்பானை ரத்துச் செய். நட் பயன்படுத்துகிற பெரும்பாலானோர் எழுதுவதும் இதையேதான்.

இப்போது எங்கள் ஊர் மின்சாரத்தை இதில் ஓட்டிப் பாருங்கள். 6 நிமிடம் போகிறது. 1 நிமிடம் வருகிறது, கணிப்பான் ரத்து. மறுபடி 6 நிமிடம் போகிறது, கணிப்பான் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஏழாவது நிமிடத்தை அது எட்டவே இல்லை. ஆனால் பெட்டரியிலிருந்து 12 நிமிடம் போய்விட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல், பில் எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் எல்லாம் அணைகிறது. மென்பொருளில் பிழை இல்லை, அமைப்பிலும் எழுத்துப் பிழை இல்லை. இடையில் வந்த அந்த ஒரு நிமிடத்தை முழு மீட்பாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

ஈய அமிலப் பெட்டரி இறங்குவது வேகமாக, ஏறுவது மெதுவாக. சிறிய யூபிஎஸ்கள் காலியான பெட்டரியை நிரப்ப 6 முதல் 8 மணி நேரம் எடுக்கும். 12 நிமிடத்தில் இறங்குவது 8 மணி நேரத்தில் ஏறுகிறது என்று வைத்தால் விகிதம் நாற்பதுக்கு ஒன்று. ஆறு நிமிட வெட்டை ஈடுகட்ட நான்கு மணி நேரக் கரண்டு வேண்டும். இடையில் வருகிற ஒரு நிமிடம் திருப்பித் தருவது ஒன்றரை விநாடி.

தோட்டத்துக் கடையில் கடன் கொப்பி வைத்திருப்பார்களே, அதைப் போல ஒரு கணக்கு எழுதினேன். சில விநாடிக்கு ஒருமுறை நிலையைக் கேட்கிற சிறிய ஸ்க்ரிப்ட். பெட்டரியில் ஓடினால் கழிந்த நேரம் கடனில் ஏறும், சுமை அதிகமானால் கூடுதலாக ஏறும். மின்சாரத்தில் ஓடினால் கழிந்த நேரத்தில் நாற்பதில் ஒரு பங்கு இறங்கும். பெட்டரியில் ஓடுகிறபோது கடன் 7 நிமிடத்தைத் தாண்டினால் யூபிஎஸ்மொன்னுக்குக் கட்டாய மூடல் கட்டளை போகும். இவ்வளவுதான். நட் ட்ரைவரிலேயே இதை ஒட்டிய வசதி இருக்கிறது: எந்தச் சுமைக்கு எத்தனை விநாடி தாங்கும் என்று இரண்டு புள்ளிகள் கொடுத்து, சார்ஜ் நேரத்தையும் கொடுத்தால் அது வோல்டை விட்டுவிட்டு ஓட்டத்தைக் கணக்கிடும். சார்ஜ் நேரத்துக்கு அதன் இயல்பு மதிப்பு 43,200 விநாடி, அதாவது 12 மணி நேரம். நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கணினி மறுதொடக்கமானால் ட்ரைவரின் நினைவு போய்விடும், மறுபடி வோல்டைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கும். கடனை வட்டில் எழுதி வைத்தால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் அது நிற்கும். மறுதொடக்கமாவதே விட்டு விட்டு வருகிற நாளில்தான் என்பதால் எனக்கு இது முக்கியம்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கோப்பைத் தற்காலிக அடைவில் வைத்தால் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும், நிலையான அடைவில் வைக்க வேண்டும். இரண்டாவது, கடிகாரம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைகளில் 4ஆம் மாதிரி வரை பெட்டரிக் கடிகாரம் இல்லை. இணையம் கிடைக்கிற வரைக்கும் அதற்கு நேரம் தெரியாது, கிடைத்ததும் ஒரேயடியாகத் தாவும். அந்தத் தாவலை ஸ்க்ரிப்ட் "எட்டு மணி நேரம் கரண்டு இருந்தது" என்று எடுத்துக்கொண்டால் கடன் முழுக்கத் தீர்ந்ததாகக் காட்டும். சுவர்க் கடிகார நேரத்தை விட்டுவிட்டு, இயங்குதளம் தருகிற பின்னோக்கிப் போகாத ஓட்ட நேரத்தை எடுங்கள். கணினி அணைந்திருந்த காலத்தில் பெட்டரி ஏறியதா என்று அதற்குத் தெரியாது. ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வருகிற இடத்தில் எல்லாம் பெட்டரிக்குப் பாதகமாகவே முடிவெடுக்கும்படி எழுதியிருக்கிறேன்.

கரண்டு வந்து கணினி எழும்பியதும் ஸ்க்ரிப்ட் கடனைப் பார்க்கும். அதிகம் என்றால் தரவுத்தளச் சேவையைத் தொடங்காமல் வைத்திருக்கும். ஃபோட்டோ கொப்பி எடுக்கலாம், பில் மட்டும் கொஞ்ச நேரம் கையால் எழுத வேண்டும். அண்ணன் முதலில் முகம் சுளித்தார். "கரண்டுதான் வந்துருச்சே தம்பி, இன்னும் என்ன பார்க்குது அது?" பிறகு பழகிவிட்டது.

பல்பு வைத்துச் சோதித்தல்

இந்த வகை மென்பொருளைச் சோதிக்க உண்மையில் கரண்டை வெட்டித்தான் ஆக வேண்டும். எப்படி வெட்டுவது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். யூபிஎஸ் ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவக் கூடாது. உருவினால் எர்த்தும் சேர்ந்து போகிறது. பெட்டி உள்ளே 230 வோல்ட் உண்டாக்கிக்கொண்டிருக்கும், ஆனால் அதன் உடலுக்கு நிலத்தோடு தொடர்பு இருக்காது. சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்றில் செருகிச் சுவிட்சை அணையுங்கள், எர்த் கம்பி இணைந்தே இருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பழைய லயங்களில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று முதலில் வயர்மேன் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. எர்த் இல்லாத இடத்தில் யூஎஸ்பி உலோகத்தைத் தொட்டாலே விரலில் குறுகுறுக்கும், ட்ரைவரும் இடைக்கிடை தொடர்பு அறுந்து "தரவு பழையது" என்று புலம்பும். குட்டையான, தரமான யூஎஸ்பி வயர் அந்தப் புலம்பலில் பாதியைக் குறைக்கும்.

சுமைக்குக் கணினியை வைக்காதீர்கள். குண்டு பல்புகளை வையுங்கள். 60 வாட் பல்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று மாட்டினால் சுமை எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும், அணைந்தால் எதுவும் உடையாது, எப்போது அணைந்தது என்பதையும் அறையின் அடுத்த மூலையிலிருந்தே பார்க்கலாம். பெட்டரியில் எழுதியிருக்கிற கணக்கும் அப்போதுதான் புரியும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கி 84 வாட்-மணி என்று தோன்றும். அந்த 7 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. கால் மணி நேரத்தில் உறிஞ்சினால் கிட்டத்தட்டப் பாதிதான் கிடைக்கும். குளிரில் இன்னும் குறையும். கொழும்பில் ஒருவர் அளந்து தந்த நிமிடக் கணக்கை நானுஓயாவில் அப்படியே எழுதி வைக்க முடியாது.

பல்புச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்தது மூடலின் கடைசி அரை நிமிடம். கணினி மூடும் முன் நட் ஒரு கொடிக் கோப்பை எழுதி வைக்கிறது. மூடலின் கடைசிப் படியில் அந்தக் கொடி இருந்தால் யூபிஎஸ்ஸுக்கே "வெளிமின்சாரத்தை அணை, பிறகு போடு" என்ற கட்டளை போகிறது. க்யூஎக்ஸ் ட்ரைவரில் அணைக்க 30 விநாடி, திரும்பப் போட 180 விநாடி என்பது இயல்பு. சரியாக அந்த 30 விநாடிக்குள் கரண்டு வந்துவிட்டால்? ஒழுங்கான பெட்டி எப்படியும் ஒருமுறை அணைந்து மறுபடி எழும்பும். சில மலிவுப் பெட்டிகள் "கரண்டுதான் இருக்கிறதே" என்று கட்டளையைக் கண்டுகொள்வதில்லை. கணினி நின்றுவிட்டது, மின்சாரம் இருக்கிறது, பொத்தானை அழுத்த ஆள் இல்லை. மின்சாரம் வந்தால் தானாகத் தொடங்கு என்று கணினியின் தொடக்க அமைப்பான பயோஸில் போட்டிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அதற்கு மின்சாரம் ஒருமுறை போய் வர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை இப்படி நின்றால் திங்கள் காலை வரை அப்படியே கிடக்கும்.

சோதிப்பது சுலபம். பல்பை மாட்டுங்கள், கரண்டை வெட்டுங்கள், அணைக்கும் கட்டளையைக் கையால் அனுப்புங்கள், பத்து விநாடி கழித்துக் கரண்டைப் போடுங்கள். பல்பு ஒருமுறை அணைந்து எரிந்தால் பெட்டி நல்லது. அணையவே இல்லை என்றால் நட்டின் அமைப்பில் மூடலுக்குப் பிந்திய காத்திருப்பு நேரம் ஒன்று இருக்கிறது, அதில் சில நிமிடங்களை எழுதுங்கள். அவ்வளவு நேரம் பொறுத்தும் மின்சாரம் போகாவிட்டால் கணினி தானாகவே மறுதொடக்கமாகும். யூபிஎஸ் வாங்கப் போகும்போது கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்ய விடுவார்களா என்று கேட்பேன். பெரும்பாலும் விடமாட்டார்கள்.

திரும்பப் போடுகிற 180 விநாடியையும் நான் அப்படியே விடுவதில்லை. காற்று நாட்களில் மூன்று நிமிடத்தில் கரண்டு நிலைக்காது. பத்துப் பதினைந்து நிமிடமாகக் கூட்டி வைத்தால், கணினி எழும்பிப் பாதி வழியில் மறுபடி விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். இந்த ஒரு எண்ணை மாற்றுவதற்கு ஸ்க்ரிப்ட் எதுவும் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம்.

பதிவை மறுபடி ஓட்டுதல்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுவிட்சை அணைத்து அணைத்துச் சோதித்தால் பெட்டரி செத்துப்போகும். ஒவ்வொரு முழு இறக்கமும் ஈய அமிலப் பெட்டரியின் ஆயுளில் ஒரு துண்டு. அதனால் அன்றாடச் சோதனைக்கு நட்டோடு வருகிற டம்மி-யூபிஎஸ் ட்ரைவரைப் பயன்படுத்துகிறேன். உண்மையான பெட்டி எதுவும் வேண்டாம். ஓர் எழுத்துக் கோப்பில் "நிலை: மின்சாரம்", "இத்தனை விநாடி பொறு", "நிலை: பெட்டரி" என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால், மேலே இருக்கிற சேவையகமும் யூபிஎஸ்மொன்னும் அதை நிஜம் என்றே நம்பும். மூடும் கட்டளை இருக்கிற இடத்தில் நேரத்தை மட்டும் எழுதி வைக்கிற ஒரு சிறிய ஸ்க்ரிப்ட்டைப் போட்டுவிட்டால் நாள் முழுக்கக் கணினியை மூடாமலே "மூடி" விளையாடலாம்.

என்ன வரிசையை எழுதுவது என்பதுதான் கேள்வி. கற்பனையாக எழுதினால் கையேட்டு மின்வெட்டுதான் வரும். அதனால் உண்மையான வெட்டுகளைப் பதிவுசெய்தேன். நட்டில் யூபிஎஸ்லொக் என்றொரு கருவி உண்டு. இயல்பாக 30 விநாடிக்கு ஒரு வரி எழுதும். எங்கள் ஊருக்கு 30 விநாடி போதாது, கண்ணைக் காட்டிவிட்டுப் போகிற வெட்டுகள் இடையில் விழுந்து காணாமல் போகும். ட்ரைவர் 2 விநாடிக்கு ஒருமுறை பெட்டியைக் கேட்கிறது, பதிவையும் அதற்கு இணையாக இறுக்கினேன். கோப்பு பெரிதாகாமல் இருக்க, நிலை மாறும்போது மட்டும் எழுதுகிற ஒரு வடிகட்டியையும் போட்டேன்.

பருவக்காற்றுக் காலம் ஒன்றிலும் அதைத் தொடர்ந்த மாதங்களிலும் பதிவு ஓடியது. அதைப் பார்த்தால் வானிலைக் குறிப்பு போலவே இருக்கும். ஜூன், ஜூலையில் காற்றோடு கொத்துக் கொத்தாக வருகிற வெட்டுகள். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியோடு வருகிற தனித்தனி வெட்டுகள். வெட்டே இல்லாத நாட்களிலும் மாலை ஆறரைக்கு மேல் எல்லோரும் விளக்குப் போட்டுச் சமைக்கத் தொடங்கியதும் வோல்ட் சரிந்து, பெட்டி தூக்கிக் கொடுக்கிற நிலைக்குப் போய்விடும். தேயிலை ஃபெக்டரிக்குப் பக்கத்தில் வைத்த பதிவில் ஜெனரேட்டர் ஓடுகிற நேரங்கள் தனியாகத் தெரிந்தன. பெரிய மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வெண் தள்ளாடி, கரண்டு இருந்தும் யூபிஎஸ் அதை ஏற்காமல் சில விநாடி பெட்டரிக்குத் தாவியது. கடன் கணக்கு இல்லாத அமைப்புக்கு இவை எல்லாமே சின்ன விஷயங்கள், ஒவ்வொன்றும் உடனே "தீர்ந்துவிடும்". கூட்டிப் பார்த்தால்தான் கனம் தெரியும்.

இந்தப் பதிவுகளை டம்மி-யூபிஎஸ் வரிசைகளாக மாற்றி, நேரத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி ஓட்டுகிறேன். சுருக்க வேண்டும் என்பதற்காகவே கடன் ஸ்க்ரிப்ட்டில் நேர அளவை ஒரு மாறியாக வைத்திருக்கிறேன். நல்ல அமைப்பா இல்லையா என்று பார்க்க ஒரே கேள்விதான்: வரிசையின் எந்தப் புள்ளியிலாவது, மூடல் தொடங்கும் முன் கடன் பெட்டரியின் 12 நிமிடத்தைத் தாண்டியதா? பழைய நேரக்கணிப்பான் அமைப்பை ஜூலைப் பிற்பகல் ஒன்றின் பதிவில் ஓட்டினால் பளிச்சென்று தாண்டும்.

உள்ளே மாற்றம் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. நட் பெரும்பாலும் சி மொழி. மூலத்தை இறக்கும்போது முழு வரலாற்றையும் இறக்காமல் கடைசி நிலையை மட்டும் இறக்கினால் டேட்டா மிச்சம். நிறுவாமலே, கட்டிய அடைவிலிருந்தே ட்ரைவரை ஓட்டிப் பார்க்கலாம். அனுப்பும் முன் அதோடு வருகிற ஒருங்கிணைப்புச் சோதனைகளை ஓட்டுங்கள், அவையும் டம்மி-யூபிஎஸ்ஸை வைத்தே எழுதப்பட்டவை. நம் கணினியில் எச்சரிக்கை இல்லாமல் கட்டப்படுகிற வரி, அவர்களுடைய தானியங்கிச் சோதனையில் வேறொரு இயங்குதளத்தில், வேறொரு கம்பைலரில் விழும். லினக்ஸ் தவிர ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் குடும்பம் என்று பலவற்றில் கட்டிப் பார்க்கிறார்கள். அதில் மனம் தளர வேண்டாம், பெரும்பாலும் எண் வகையை அச்சிடுகிற ஒரு குறியீடுதான் காரணமாக இருக்கும்.

சி தெரியாதவர்களும் உதவலாம், அந்த உதவி உண்மையிலேயே தேவை. உங்கள் யூபிஎஸ் எதுவானாலும் ட்ரைவர் காட்டுகிற முழு மாறிப் பட்டியலை எடுத்து, யூஎஸ்பி அடையாள எண்ணோடு, எந்த நட் பதிப்பு என்பதையும் சேர்த்து அனுப்பினால் கருவித் தொகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். அடுத்து அதே பெட்டியை வாங்குகிறவருக்கு அது வழிகாட்டும். தொடர் இலக்கத்தை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள். அணைக்கும் கட்டளைக்குப் பெட்டி எப்படி நடந்துகொண்டது என்ற பல்புச் சோதனையின் முடிவையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், மாறிப் பட்டியலில் அது தெரியாது.

ரவுட்டரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்கிறேன். பல கணினிகள் ஒரே யூபிஎஸ்ஸை நம்பியிருந்தால் நடுவே இருக்கிற ரவுட்டரும் வலையமைப்புச் சுவிட்சும் அதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கடைசியாகக் கிடைத்த நிலை "பெட்டரியில்" என்று இருந்து, பிறகு தொடர்பு அறுந்தால், யூபிஎஸ்மொன் ஆபத்து என்றே முடிவெடுத்துக் கணினியை மூடிவிடும். அந்த முடிவு சரியானது. ரவுட்டர் சுவரில் செருகியிருந்தால் ஒவ்வொரு சின்ன வெட்டுக்கும் மற்றக் கணினிகள் எல்லாம் மூடிக்கொள்ளும், நீங்கள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இடி நாட்களில் தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாக ரவுட்டருக்கு வருகிற அதிர்ச்சியை யூபிஎஸ் தடுக்காது. வானம் கறுத்தால் அந்தக் கம்பியைக் கையால் கழற்றி வையுங்கள். அதற்கு நட்டில் கட்டளை கிடையாது.